இரண்டு மின்துகள்களைச் சுற்றி மின்புலம்: எண்மதிப்பும் திசையும்

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: +4 மைக்ரோகூலூம் மின்துகள் ஒன்றும் −1 மைக்ரோகூலூம் மின்துகள் ஒன்றும் 30 செ.மீ. இடைவெளியில் வைக்கப்பட்டுள்ளன, நடுப்புள்ளியில் மின்புலம் எவ்வளவு, மின்புலம் சுழியாகும் இடம் எது? நடுப்புள்ளிக்கு உங்களுக்கு 12 லட்சம் வந்திருக்கிறது, விடைக்குறிப்பில் 20 லட்சம் என்று இருக்கிறது. சுழிப்புள்ளிக்கு இருபடிச் சமன்பாடு இரண்டு விடைகளைத் தருகிறது, விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கிறது. இவற்றோடு, திறந்த வெளியில் நிற்கும்போது நம்மைச் சுற்றியும் மின்புலம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு குழப்பங்களுக்கும் வேர் ஒன்றே. மின்துகளின் நேர், எதிர்க் குறியை வாய்பாட்டுக்குள் போட்டுவிட்டு, அந்தக் குறியே திசையையும் சொல்லிவிடும் என்று நம்பியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் நான் பாடம் நடத்திய காலம் முழுவதும் நிலைமின்னியல் விடைத்தாள்களில் மிக அதிகமாகச் சிவப்பு மை செலவழித்தது இந்த ஒரு பிழைக்குத்தான்.

முதலில் மின்புலம் என்பதை எப்படி வரையறுக்கிறோம் என்பதில் சற்று நிதானம் வேண்டும். ஓர் இடத்தில் மிகச் சிறிய நேர் மின்துகள் ஒன்றை வைத்தால் அதன் மீது எவ்வளவு விசை, எந்தப் பக்கமாகச் செயல்படுகிறது என்று பார்த்து, அந்த விசையை அந்த மின்துகளின் அளவால் வகுத்துக் கிடைப்பதே அவ்விடத்தின் மின்புலம். அதன் அலகு நியூட்டன்/கூலூம். வோல்ட்/மீட்டர் என்று எழுதினாலும் அதே அலகுதான். சோதனை மின்துகள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்று பாடநூல் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: பெரிய மின்துகளைக் கொண்டுபோய் வைத்தால் அது அருகிலுள்ள பொருள்களின் மீதிருக்கும் மின்துகள்களை இடம்பெயரச் செய்து, எதை அளக்க வந்தோமோ அதையே மாற்றிவிடும். சோதனை மின்துகளை எடுத்துவிட்ட பிறகும் புலம் அங்கேயே இருக்கும். அதே இடத்தில் ஓர் எலக்ட்ரானை வைத்தால் அதன் மீதான விசை எதிர்ப்பக்கம் திரும்பும். புலத்தின் திசை திரும்பாது. புலத்தின் திசையையும் விசையின் திசையையும் ஒன்றாக எண்ணுபவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் வழி தவறுகிறார்கள்.

எண்மதிப்புக்கு உரிய விதியை 1785ஆம் ஆண்டு பிரான்சில் சார்லஸ் கூலூம் முறுக்குத் தராசு கொண்டு நிறுவினார். புள்ளி மின்துகள் ஒன்றிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் புலத்தின் எண்மதிப்பைப் பெற, 9×10⁹ என்ற மாறிலியை மின்துகளின் அளவால் பெருக்கித் தொலைவின் இருமடியால் வகுக்க வேண்டும். இந்த வாய்பாட்டில் மின்துகளின் அளவை மட்டும் போடுங்கள், குறியைப் போடாதீர்கள். திசைக்கு வாய்பாடே தேவையில்லை. நேர் மின்துகளாக இருந்தால் புலம் அதைவிட்டு வெளிநோக்கி இருக்கும். எதிர் மின்துகளாக இருந்தால் அதை நோக்கி இருக்கும். தாளில் புள்ளியைக் குறித்து, ஒவ்வொரு மின்துகளுக்கும் ஓர் அம்புக்குறி வரைந்துவிட்டு, அதன் பிறகே எண்களைத் தொடுங்கள். வெக்டர் வடிவில் முழுமையாக எழுதினால் குறியையும் சேர்த்தே எழுதலாம், தவறில்லை. ஆனால் அப்போது ஓரலகு வெக்டர் மின்துகளிலிருந்து புள்ளியை நோக்கி வரையப்பட்டிருக்க வேண்டும், அது ஒவ்வொரு மின்துகளுக்கும் வெவ்வேறு திசையில் இருக்கும். அந்த ஓரலகு வெக்டரை விட்டுவிட்டுக் குறியை மட்டும் வைத்துக்கொள்வதால்தான் விடை கெடுகிறது.

இனி உங்கள் கணக்கு. +4 இருக்கும் இடத்தை ‘அ’ என்றும் −1 இருக்கும் இடத்தை ‘ஆ’ என்றும் வைத்துக்கொள்வோம். அ இடப்பக்கம், ஆ வலப்பக்கம். நடுப்புள்ளி இரண்டிலிருந்தும் 0.15 மீட்டர் தொலைவில் உள்ளது. அ உண்டாக்கும் புலம் 36,000 வகுத்தல் 0.0225, அதாவது 16 லட்சம் நியூட்டன்/கூலூம். ஆ உண்டாக்கும் புலம் 9,000 வகுத்தல் 0.0225, அதாவது 4 லட்சம். நடுப்புள்ளியில் ஒரு நேர் மின்துகளை வைத்ததாக எண்ணிப் பாருங்கள்: அ அதை வலப்பக்கம் தள்ளுகிறது, ஆ அதை வலப்பக்கமே இழுக்கிறது. இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் நோக்குவதால் கூட்ட வேண்டும். 20 லட்சம் நியூட்டன்/கூலூம், ஆ இருக்கும் பக்கமாக. உங்களுக்கு 12 லட்சம் வந்தது 16இலிருந்து 4ஐக் கழித்ததால். கழிக்கச் சொன்னது −1இல் இருந்த குறி. மின்துகள்கள் இரண்டும் ஒரே குறி கொண்டிருந்தால்தான் அந்தக் கழித்தல் சரியாக இருந்திருக்கும்.

சுழிப்புள்ளிக்கு வருவோம். இரண்டு புலங்களும் சேர்ந்து சுழியாக வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்: எண்மதிப்புகள் சமமாக இருக்க வேண்டும், திசைகள் நேர் எதிராக இருக்க வேண்டும். திசையை முதலில் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அ, ஆ இரண்டுக்கும் இடையில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் இரு புலங்களும் வலப்பக்கமே நோக்குகின்றன. ஆகவே அங்கே சுழி வர வழியே இல்லை. அ இருக்கும் பக்கம் வெளியே போனால் திசைகள் எதிராகத்தான் இருக்கின்றன, ஆனால் பெரிய மின்துகள் அருகிலும் சிறியது தொலைவிலும் இருப்பதால் சமமாக வாய்ப்பில்லை. மிஞ்சியிருப்பது ஆ பக்கத்து வெளிப்புறம் மட்டுமே. அங்கே ஆவிலிருந்து தொலைவு x என்று வைத்துக்கொண்டால், 4ஐ (0.3 + x) இன் இருமடியால் வகுத்ததும், 1ஐ x இன் இருமடியால் வகுத்ததும் சமமாக வேண்டும். வர்க்கமூலம் எடுத்தால் 2x = 0.3 + x; எனவே x = 0.3 மீட்டர். ஆவுக்கு அப்பால் 30 செ.மீ., அவிலிருந்து 60 செ.மீ. சரிபார்க்கலாம்: 36,000 வகுத்தல் 0.36 என்பது ஒரு லட்சம், 9,000 வகுத்தல் 0.09 என்பதும் ஒரு லட்சம். ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம்.

இருபடிச் சமன்பாடு தந்த மற்றொரு விடை −0.1, அதாவது இரண்டுக்கும் இடையில், ஆவிலிருந்து 10 செ.மீ. அது பொய்யான விடையும் இல்லை. அந்த இடத்தில் அ, ஆ இரண்டின் புலங்களும் தலா 9 லட்சம். நீங்கள் எழுதிய சமன்பாடு எண்மதிப்புகள் எங்கே சமம் என்று மட்டுமே கேட்டது, அதற்கு உண்மையான பதிலைத் தந்துவிட்டது. திசையை அதனிடம் நீங்கள் கேட்கவில்லை. அங்கே இரண்டும் ஒரே பக்கம் நோக்குவதால் மொத்தப் புலம் 18 லட்சம்.

சுழிப்புள்ளியில் புலம் இல்லை என்றால் அங்கே வைத்த நேர் மின்துகள் நிலையாக நின்றுவிடுமா என்று அடுத்த கேள்வி வரும், வர வேண்டும். துல்லியமாக அந்தப் புள்ளியில் இருந்தால் நிற்கும். கோட்டின் வழியே இம்மியளவு இடப்பக்கம் நகர்ந்தால் ஆவின் இழுப்பு மிகுந்து இடப்பக்கமே கொண்டுபோய்விடும். வலப்பக்கம் நகர்ந்தால் அவின் தள்ளல் மிகுந்து தொலைவுக்கே அனுப்பிவிடும். கோட்டுக்குக் குறுக்காக நகர்ந்தால் மட்டும் திரும்பி வரும். எதிர் மின்துகளை வைத்தால் இவை அப்படியே தலைகீழாகும். நிலைமின் விசைகளை மட்டும் கொண்டு ஒரு மின்துகளை எல்லாப் பக்கத்திலும் நிலையாக நிறுத்திவைக்கவே முடியாது என்பதைச் சாமுவேல் எர்ன்ஷா 1842இல் பொதுவாக நிறுவிவிட்டார். புலம் சுழியான இடத்தில் மின்னழுத்தமும் சுழியாகும் என்று எழுதுவதும் தவறு. இந்தக் கணக்கிலேயே சுழிப்புள்ளியின் மின்னழுத்தம் 36,000 வகுத்தல் 0.6 கழித்தல் 9,000 வகுத்தல் 0.3, அதாவது 30,000 வோல்ட். மின்னழுத்தம் ஸ்கேலார், அதாவது திசையில்லாத அளவு, என்பதால் அங்கே மட்டும் குறியை வாய்பாட்டுக்குள் போடுவது சரி. இந்த இரண்டு பழக்கங்களையும் கலந்துவிடாதீர்கள்.

புள்ளி கோட்டின் மேல் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் கூட்டலோ கழித்தலோ மட்டும் போதாது. ஆனி மாதம் நெல்லையப்பர் தேரை வடம் பிடிக்கும்போது எல்லா வடங்களும் ரதவீதியின் போக்கிலேயே நீண்டிருந்தால் ஆட்களின் பலம் முழுவதும் தேருக்குச் சேர்கிறது. திருப்பத்தில் வடங்கள் கோணம் கொண்டுவிட்டால் அதே ஆட்கள் அதே பலத்தோடு இழுத்தும் தேருக்குச் சேர்வது குறைகிறது. புலங்களும் அப்படியே. அ, ஆ இரண்டிலிருந்தும் 30 செ.மீ. தொலைவில், சமபக்க முக்கோணத்தின் உச்சியில் ‘ப’ என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவின் புலம் 4 லட்சம், அவைவிட்டு மேல்நோக்கி வலப்பக்கமாக. ஆவின் புலம் 1 லட்சம், ஆவை நோக்கிக் கீழ்நோக்கி வலப்பக்கமாக. இரண்டு அம்புகளுக்கும் இடையிலான கோணம் 60° என்று முக்கோணத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அம்புகளின் வால்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் 120°. கோட்டின் திசையில் கூறுகள் 2 லட்சமும் அரை லட்சமும் சேர்ந்து 2.5 லட்சம், செங்குத்தில் 3.46 லட்சத்திலிருந்து 0.87 லட்சம் போக ஏறத்தாழ 2.6 லட்சம். ஆகத் தொகுபயன் 3.6 லட்சம் நியூட்டன்/கூலூம், கோட்டுக்கு ஏறத்தாழ 46° சாய்வில் மேல்நோக்கி. 5 லட்சம் என்றோ 3 லட்சம் என்றோ எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

மைக்கேல் ஃபாரடே பழக்கத்துக்குக் கொண்டுவந்த புலக்கோடுகளைக் கொண்டு இதே படத்தை முழுதாகப் பார்க்கலாம். அவிலிருந்து 16 கோடுகள் புறப்படுவதாக வரைந்தால், ஆவில் 4 கோடுகள் மட்டுமே வந்து முடிய வேண்டும். மீதி 12 கோடுகள் வெளியே போய்விடும். பல மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு இந்த இணை, +3 மைக்ரோகூலூம் கொண்ட ஒற்றை மின்துகளாகவே தோன்றும். கோடுகள் நெருங்கிய இடத்தில் புலம் வலிமையானது, விலகிய இடத்தில் வலிமை குறைந்தது. கோட்டுக்கு வரைந்த தொடுகோடு திசையைக் காட்டும். ஒரே புள்ளியில் புலத்துக்கு இரண்டு திசைகள் இருக்க முடியாது என்பதால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பல வழிகாட்டி நூல்கள் இதில் சறுக்குகின்றன: புலக்கோடு என்பது மின்துகள் பயணம் செய்யும் பாதை ஆகாது. ஓய்விலிருந்து விடுவித்த மின்துகள் புறப்படும்போது மட்டும் தொடுகோட்டின் திசையில் நகரும். கோடு வளைந்திருந்தால், அதற்குள் பெற்றுவிட்ட வேகத்தால் கோட்டைவிட்டு விலகிவிடும்.

தொலைவின் இருமடிக்கு ஏற்பப் புலம் குறைவதற்குக் காரணமும் இந்தக் கோடுகளிலேயே இருக்கிறது. ஒரு மின்துகளிலிருந்து புறப்பட்ட கோடுகளின் எண்ணிக்கை வெற்றிடத்தில் கூடுவதோ குறைவதோ இல்லை. அவை ஊடுருவிச் செல்லும் கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருமடியாக வளர்கிறது. ஆகவே தொலைவு இருமடங்கானால் புலம் கால்பங்கு, மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. காஸ் விதி சொல்வதும் இதைத்தான். மின்துகள்கள் புள்ளியில் இல்லாமல் நீண்ட கம்பியின் வழியே பரவியிருந்தால் கோடுகள் உருளையாக விரிவதால் புலம் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறையும். கூடங்குளத்திலிருந்து புறப்படும் 400 கிலோவோல்ட் மின்தடத்தின் ஒற்றைக் கம்பிக்கு அருகில் தோராயமாக இதுதான் நிலை, அங்கே திசை மட்டும் நொடிக்கு 100 முறை மாறிக்கொண்டிருக்கும். பரந்த தகட்டின் மீது சீராகப் பரவியிருந்தால் அருகில் புலம் தொலைவைப் பொறுத்து மாறாது. சமமான நேர், எதிர் மின்துகள்கள் நெருங்கியிருக்கும் இருமுனையில், தொலைவிலிருந்து பார்க்கையில் ஒன்றின் புலத்தை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுவதால் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் வீழ்ச்சியடையும்.

உங்கள் கணக்கைத் தந்தவர் ‘காற்றில் வைக்கப்பட்டுள்ளன’ என்று எழுதியிருந்தால், அவர் ஆய்வகத்தில் செய்துபார்த்ததில்லை என்று துணிந்து சொல்லலாம். உலர்ந்த காற்று ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்/மீட்டர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் அது காப்புத்தன்மையை இழந்து பொறி பறக்கும். 4 மைக்ரோகூலூம் மின்துகளிலிருந்து 11 செ.மீ. தொலைவுக்குள் எங்கு பார்த்தாலும் புலம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே 4 மைக்ரோகூலூமைத் தாங்கும் உலோகக் கோளத்தின் ஆரம் குறைந்தது 11 செ.மீ. இருக்க வேண்டும், −1க்கு 5.5 செ.மீ. வேண்டும். அப்படி இரண்டு கோளங்களை 30 செ.மீ. மைய இடைவெளியில் எதிரெதிரே வைத்தால், நடுவில் இரு புலங்களும் கூடுவதால் மின்துகள்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் பக்கங்களில் திரண்டு, பொறியாகப் பாய்ந்து கணக்கை முடித்துவிடும். பள்ளியில் கண்ணாடித் தண்டையும் பட்டுத்துணியையும் உரசிப் பெறுவது இதில் மிகச் சிறிய பங்குதான். அந்தச் சிறிய அளவும் நிற்பது வானிலையைப் பொறுத்தது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து சமவெளியில் காய்ந்துபோன காற்று வீசும் நாட்களில் பொன்னிலை மின்காட்டியின் இலைகள் நெடுநேரம் விரிந்தே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்டின் மேற்பரப்பில் படியும் ஈரம் மின்துகளைக் கசியவிட்டு, இலைகளை உடனே சரியவைத்துவிடும். சாரல் காலத்துக் குற்றாலத்தில் இந்தச் சோதனையைச் செய்துகாட்ட முயல்வது வீண்வேலை.

இனிக் கடைசிக் கேள்வி. ஆம், திறந்த வெளியில் நம்மைச் சுற்றி எப்போதும் மின்புலம் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் சமதரைக்கு அருகில் அது ஏறத்தாழ 100 வோல்ட்/மீட்டர், செங்குத்தாகக் கீழ்நோக்கி. கீழ்நோக்கி இருப்பதிலிருந்தே பூமியின் மேற்பரப்பில் எதிர் மின்துகள்கள் இருக்கின்றன என்று நீங்களே சொல்லிவிடலாம். பூமியின் ஆரத்தைக் கூலூம் விதியில் இட்டால் மொத்தம் ஏறத்தாழ நாலரை லட்சம் கூலூம் வரும். சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் அமைந்திருப்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இடத்தில் வளிமண்டல மின்புலத்தையும் அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். உலகெங்கும் நடக்கும் இடிமழைகளே இந்தப் புலத்தைத் தாங்கி நிற்கின்றன. அதன் உலகளாவிய தினசரி உச்சம் நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி அரை மணி அளவில் வருகிறது.

இங்கே கூலூம் விதியை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பூமி மட்டுமே மின்துகளைத் தாங்கியிருந்தால், பத்து கிலோமீட்டர் உயரத்தில் புலம் ஆயிரத்தில் மூன்று பங்குதான் குறைந்திருக்க வேண்டும், ஏனெனில் பூமியின் ஆரத்தோடு ஒப்பிட அந்த உயரம் மிகச் சிறியது. உண்மையில் அங்கே சில வோல்ட்/மீட்டர் மட்டுமே மிஞ்சுகிறது. இடையிலுள்ள காற்றில் நேர் மின்துகள்கள் மிகுந்திருப்பதும், தரையில் வந்து முடியும் கோடுகளில் பெரும்பாலானவை அவற்றிலிருந்தே புறப்படுவதுமே காரணம். விதி பொய்க்கவில்லை, நாம் கணக்கில் சேர்க்காத மின்துகள்கள் இருந்தன.

இடிமேகம் தலைக்கு மேல் வரும்போது நிலைமை மாறுகிறது. மேகத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் எதிர் மின்துகளைக் கொண்டிருப்பதால் தரையருகே புலம் திசை மாறி மேல்நோக்கித் திரும்புகிறது, வலிமையும் பல ஆயிரம் வோல்ட்/மீட்டராக உயர்கிறது. கடத்தியின் மேற்பரப்பில் புலம் எப்போதும் செங்குத்தாகவே நிற்கும், கூர்மையான இடத்தில் கோடுகள் நெருங்கும். ஆகவே திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துச் செம்மணல் தேரியில் தனித்து நிற்கும் பனையின் உச்சியில், சுற்றியுள்ள வெறுந்தரையைவிடப் புலம் பன்மடங்கு மிகும். சித்திரை இடிமழையின்போது பனையேறிகள் மரத்தைவிட்டு விலகியிருப்பதற்கு இயற்பியல் சொல்லும் காரணம் இதுவே. வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்கும் மனிதருக்கும் இது பொருந்தும்.

தெளிந்த நாளில் 100 வோல்ட்/மீட்டர் என்றால் தலைக்கும் காலுக்கும் இடையே நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டுமே, ஏன் நமக்கு அதிர்ச்சி ஏற்படுவதில்லை என்று கேட்பீர்கள். நம் உடல் கடத்தி. புலத்துக்கு ஏற்ப மேற்பரப்பில் சில மின்துகள்கள் இடம்பெயர்ந்து, உடல் முழுவதும் தரையின் மின்னழுத்தத்துக்கே வந்துவிடுகிறது. உடலுக்குள் புலம் சுழியாகிவிடுகிறது, மின்னழுத்தம் ஒரே அளவாக இருக்கும் சமமின்னழுத்தப் பரப்புகள் நம் தலைக்கு மேலே வளைந்து போகின்றன. காற்றின் வழியே இறங்கும் மின்னோட்டமோ ஒரு சதுர மீட்டருக்கு ஒரு ஆம்பியரின் இலட்சம் கோடியில் இரண்டு பங்கு அளவுதான். அதை உணர்வதற்கு நரம்புக்கு வழியில்லை.